திறப்பு விழாவிற்கு முன்



புதிய மருத்துவமனை எழும்போது நாம் கட்டடத்தையே பார்க்கிறோம். நோயாளியைக் காப்பவையோ பயின்ற கைகள். திறப்பு விழாவிற்கு முன்பே ஒருவரை நோயாளியாகப் பாவித்து, வாயிலிலிருந்து அறுவை அரங்கு வரை தள்ளுவண்டியில் கொண்டுசென்று ஒத்திகை பார்த்தல் வேண்டும். மின்சாரம் நின்றால், தீப்பற்றினால் யார் என்ன செய்வது என்பதும் அன்றே தெளிவாக வேண்டும்.

இவ்வொத்திகைக்கு மருத்துவரையும் செவிலியரையும் அழைப்பர். துடைப்பம் ஏந்தும் நம் சகோதரியைப் பெரும்பாலும் மறந்துவிடுவர். கழிவோடு கழிவாக வீசிய ஊசி தைப்பது அவள் கையில் அன்றோ? 2016 ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் அவளை மறக்கவில்லை. பணியிற் சேரும்போதும், பின்னர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பயிற்சி. ஹெபடைடிஸ்-பி, டெட்டனஸ் தடுப்பூசி. கையுறை முதலிய காப்புப் பொருள்கள். ஊசிகளுக்குத் துளைபடாத வெண்ணிறக் கலம், உடற்கழிவுக்கு மஞ்சள் பை. இவை எவரும் இரங்கி அளிக்கும் சலுகைகள் அல்ல. சட்டம் வகுத்த உரிமைகள்.

ஆகவே, சங்கத்தாராகிய நாம் இரண்டு பணிகளை மேற்கொள்வோம். இன்று துடைப்பம் ஏந்துவோருக்கு இவ்விதிகளைப் படித்துக் காட்டுவோம். அவர்தம் பிள்ளைகள் செவிலியராகவும் மருத்துவராகவும் அதே வாயிலில் நுழையும்வரை அவர்களைப் படிக்க வைப்போம்.