புள்ளியியற் சொற்பொருள்



நம் மரபினருள் இளைஞர் சிலர் ஆராய்ச்சிக்குப் பொருளுதவி வேண்டி விண்ணப்பம் எழுதப் புகுங்கால், அதன்கண் வரும் புள்ளியியற் சொற்களைக் கண்டு மலைக்கின்றனர். தமிழ் கற்ற யாம் சொற்பொருள் காணும் முறையால் இரண்டினை ஈண்டு விளக்குவோம்.

ஒருவர் புதிய மருந்தொன்றை ஆராய்வதாகக் கொள்க. 'சிக்னிபிகன்ஸ்' என்பதனைச் சிறப்பு எனக் கொள்ளுதல் பொருந்தாது. மருந்து பயனற்றதாயின், கண்ட அளவோ அதனின் மிக்கதோ ஆகிய வேறுபாடு தற்செயலாய்த் தோன்றுதல் அரிது என்பதே அதன் பொருள். 1925ஆம் ஆண்டு வெளிவந்த நூலில் பிஷர் என்னும் அறிஞர் 20இல் 1 என்னும் எல்லையை எடுத்தாண்டார், 0.05 என எழுதப்படுவது அதுவே.

'பவர்' என்பது ஆற்றல். அது மருந்தின் ஆற்றலன்று. உள்ள பயனைத் தவறாது காட்டும் ஆய்வின் ஆற்றல். அது 80 விழுக்காடெனின், கருதிய பயன் உண்மையில் இருந்தும், அத்தகைய ஆய்வு ஐந்தனுள் ஒன்று அதனைக் காணாது விடும். காணக் கருதும் வேறுபாடு பாதியாகக் குறையின், வேண்டும் நோயாளர் தொகை ஏறத்தாழ நான்கு மடங்காகும். செலவும் உடன் உயரும். செலவுக்கஞ்சித் தொகையைச் சுருக்கின், நல்ல மருந்தும் பயனற்றதெனத் தள்ளப்படக் கூடும். நம்பி வந்த நோயாளர் பட்ட வருத்தமும் வீணாம்.

ஆதலின் இளைஞர்காள்! பொருளுணராச் சொல்லை விண்ணப்பத்திற் பெய்யற்க. புள்ளியியல் வல்லாரை, ஆய்வு முடிந்தபின் அன்று, தொடங்குமுன்னரே அடுத்து வினவுமின்.