சேர்ப்பதும் வெட்டுவதும்



பம்பலப்பிட்டிப் புகையிரத நிலையத்தில் நின்று கடலைப் பார்த்தால், கொழும்புத் துறைமுகத்தில் இடம் கிடைக்கும்வரை நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்களைக் காணலாம். அவை துறைக்குள் வந்து சேர்வதை ஆங்கிலத்தில் 'டொக்கிங்' என்பர். அந்தச் சொல்லைப் பற்றித்தான் இன்று சில வார்த்தைகள்.

கடலில் பிறந்த இச்சொல் பின்னர் விண்ணிலும் ஏறியது. 1975 ஜூலை 17இல் அமெரிக்க அப்பல்லோவும் சோவியத் சோயுஸும் விண்வெளியில் இணைந்தன. 2025 ஜனவரி 16இல் இந்தியாவின் இரு சிறு விண்கலங்கள் அவ்வாறே இணைந்தன. கப்பலுக்குத் துறைசேர்தல், விண்கலத்துக்கு இணைப்பு என்று தமிழில் சொல்லிவிடலாம். இடர்ப்பாடில்லை.

ஆனால் நாயின் வாலை வெட்டுவதும் டொக்கிங். தொழிலாளியின் கூலியில் வெட்டுவதும் டொக்கிங். சேர்ப்பதற்கும் வெட்டுவதற்கும் ஒரே சொல்லா? உண்மையில் இவை இரு சொற்கள். துறையைக் குறிப்பது டச்சு மொழியோடு உறவுடையது. மற்றது, முற்கால ஆங்கிலத்தில் வாலின் சதைப்பகுதியைக் குறித்தது. ஒலி ஒன்றாயிற்று, உறவு இல்லை. 'மா பூத்தது' என்றால் மரம், 'மா ஓடியது' என்றால் விலங்கு என்று அறிகிறோமல்லவா? பலபொருள் ஒருசொல் என்று தொல்காப்பியர் வகுத்த நெறியே இங்கும் நமக்குத் துணை. பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்த்தே பொருள் கொள்ளவேண்டும்.

கூலியில் வெட்டுவதைக் 'கழிவு' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். அனுமதிக்கப்பட்ட கழிவுகளன்றி வேறெதனையும் சம்பளத்தில் பிடிக்கலாகாது என்பது 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச்சட்டத்தின் விதி. சட்டத்துக்கு அச்சொல் போதும். ஆனால் மலையகத்தில் ஒருநாள் வேலையைப் 'பேர்' என்பார்கள். நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து பறிக்காதவருக்குப் பல தோட்டங்களில் அரைநாட் சம்பளந்தான். அதற்கு 'அரைப்பேர்' என்று பெயர். காலை முதல் மலையில் நின்றவரின் பேர், மாலையில் தராசின் முன்னே பாதியாகிவிடுகிறது. கழிவு என்னும் கணக்கேட்டுச் சொல்லில் இந்த நோவு இல்லை.

விண்கலங்களுக்கு அறிஞர்கள் கூடிப் புதுச்சொல் ஆக்கட்டும். கூலிவெட்டுக்கோ, கொழுந்துக்கூடை சுமந்தவர்கள் எப்போதோ சொல் ஆக்கிவிட்டார்கள். அகராதியைப் புரட்டுமுன், அந்தச் சொல்லோடு வாழ்பவரின் வாயைக் கேட்பது மொழிபெயர்ப்பாளனின் கடமை. அரைப்பேரை நம் அகராதிகளில் முழுப்பேராக ஏற்றுவோம்.