பெயர்ப் பலகைக்கு முன்
(மும்பை சிறுதொழில் முனைவோரிடையே ஆற்றிய உரை)

தாராவியில் தோல் பை தைப்பவர், அயல்நாட்டுப் பெயரைச் சூட்டினால் சரக்கு விலைபோகும் என எண்ணுவது இயல்பே. அந்த நிறுவனத்தின் பெயர் இங்குப் பதிவில் இல்லையே என்னும் வாதம் எப்போதும் காக்காது. வேர்ல்பூல் நிறுவனத்தின் இந்தியப் பதிவு 1977-இல் காலாவதியாயிற்று. ஆயினும், எல்லை கடந்து பரவிய அதன் நற்பெயருக்கு 1996-இல் உச்ச நீதிமன்றம் பாதுகாப்பு அளித்தது.

2017-இல் 'பிரியஸ்' வழக்கிலோ டொயோட்டா தோற்றது. அந்தக் கார் 1997-இல் ஜப்பானில் வெளிவந்தது உண்மை. ஆனால் 2001-இல் நம் உதிரிபாக நிறுவனம் அப்பெயரைக் கொண்டபோது, அதன் புகழ் இந்தியாவை எட்டியிருந்ததற்குப் போதிய சான்று இல்லை. டொயோட்டா வழக்குத் தொடுத்ததும் 2009-இல்தான்.

வணிகச் சின்னப் பதிவகம் உங்களுக்கு அருகே அன்டாப் ஹில்லிலேயே உள்ளது. கடைப் பதிவுச் சான்று பெயருரிமை ஆகாது. பலர் இரண்டையும் குழப்புகின்றனர். பதிவேட்டைத் தேடுங்கள், அங்கே காணாத பெயர் அயல்நாட்டு விளம்பரங்களில் புழங்குகிறதா என்பதையும் பாருங்கள்.