அந்திரொமீடாவைப் படம் பிடித்தல்



எமது அம்மம்மாவுக்கு உத்தரட்டாதி என்றால் பஞ்சாங்கத்தில் ஒரு நாள். நாம் படித்த மிஷன் பாடசாலையிலோ அந்த உத்தரட்டாதி நட்சத்திரம் இரண்டில் ஒன்றை அல்பெராற்ஸ் என்னும் அறபுப் பெயரால் கற்றோம். இரண்டு பெயரும் ஒன்றையே குறிக்கின்றன என்று விளங்க எமக்குப் பதினெட்டு வயதாக வேண்டியிருந்தது! அந்த நட்சத்திரத்திலிருந்து வடகிழக்கே இரண்டைத் தாண்டி, வடமேற்கே திரும்பி மேலும் இரண்டைக் கடந்தால், நிலவில்லாத இரவில் ஊதிவிட்ட புகைபோல ஒரு மங்கல் தென்படும். அதுவே அந்திரொமீடா மண்டலம். அங்கிருந்து ஒளி இங்கு வந்து சேர ஏறக்குறைய 25 இலட்சம் ஆண்டுகள் செல்கின்றன.

நாம் கண்ணாற் காண்பது அதன் நடுப்பகுதியை மாத்திரமே. முழு நீளமும் தெரியுமாயின் பூரண சந்திரர் ஆறு பேரை வரிசையாக வைத்தது போலிருக்கும். கண்ணுக்கு ஒளியைச் சேமிக்கத் தெரியாது, கமெராவுக்குத் தெரியும்.

இதை உலகுக்கு முதலிற் காட்டியவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். ஐசாக் றொபேட்ஸ் என்னும் கட்டடக் கொந்தராத்துக்காரர். லிவர்ப்பூல் நகருக்கு அண்மையில் தம் சொந்தச் செலவில் 20 அங்குலத் தொலைகாட்டி நிறுவி, 1888 ஆம் ஆண்டு மார்கழியில் கண்ணாடித் தகடொன்றை அந்த மங்கலுக்கு நேரே மணிக்கணக்காகத் திறந்து வைத்தார். பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் நான்கு நிமிடத்தில் ஒரு பாகை நகர்ந்துவிடும். தொலைகாட்டியும் அவற்றோடு கூடவே நகரவேண்டும், இல்லையேல் படம் கோடாகிவிடும். தகட்டைக் கழுவியபோது சுருளான கைகள் தெரிந்தன. அது புதிதாக உருவாகும் ஒரு சூரிய குடும்பம் என்று றொபேட்ஸ் எண்ணினார். அது பிழை. 1923 ஐப்பசியில் எட்வின் ஹபிள் மவுண்ட் வில்சனிலே 100 அங்குலத் தொலைகாட்டியால் எடுத்த தகட்டில், ஒளி கூடிக் குறையும் நட்சத்திரமொன்றைக் கண்டு தூரத்தைக் கணித்த பின்னரே, அது எமது பால்வீதிக்கு அப்பாலுள்ள வேறொரு மண்டலம் என்பது உறுதியாயிற்று. றொபேட்ஸின் கருத்துப் போயிற்று, படம் நின்றது.

கார்த்திகை இரவுகளில் அது வடக்கே நன்றாக உயர்ந்து நிற்கும். ஆனால் கார்த்திகையில் யாழ்ப்பாணத்து வானத்தை யார் நம்புவது? ஆகவே நாம் தை பிறக்கும்வரை காத்திருந்தோம். இரவல் கமெரா ஒன்று. நகரும் தாங்கி இல்லை. இருந்திருந்தாலும் அதைத் துருவ நட்சத்திரத்துக்கு நேர்ப்படுத்த வேண்டும். அதுவோ இங்கே 10 பாகை உயரத்திற் பனைகளுக்குள் ஒளிந்திருக்கின்றது. எனவே நான்கு செக்கன் வீதம் 200 படம் எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். நூறு படம் அடுக்கினால் ஒற்றைப் படத்திலுள்ள கரகரப்புப் பத்திலொன்றாகக் குறையும். கிடைத்தது நீள்வட்டமான ஒரு பூச்சு, சுருள் இல்லை.

அதைப் பார்த்த பெரியவர் ஒருவர், “தம்பிமாரே, இதைவிடத் திறமான படம் புத்தகத்திலே கிடக்குதே, ஏன் இந்த நுளம்புக்கடி?” என்றார்.

நியாயமான கேள்வி. ஆனால் 2022 இல் நடந்ததைக் கேளுங்கள். ட்றெக்ஸ்லர், ஸ்ற்றொட்னர், சன்ரி என்னும் பொழுதுபோக்காளர் மூவர் முன்னின்று, நான்கங்குலத் தொலைகாட்டியில் பிராணவாயுவின் நீலப்பச்சை ஒளியை மட்டும் விடும் வடிகட்டியைப் பொருத்திப் படம் எடுத்தார்கள். எல்லா நிறங்களுக்குமாகச் சேர்ந்த ஒளி நூறு மணிக்கு மேல். மண்டலத்தின் பக்கத்திலே, சந்திரர் மூவர் நீளத்துக்கு ஒரு மெல்லிய வில் தோன்றியது. எத்தனையோ பேர் எத்தனையோ முறை படமெடுத்த இடம். எவரும் அதைக் கண்டதில்லை! அந்த வில் அந்திரொமீடாவின் அருகே உள்ளதா, எமது பால்வீதியின் வாயுவே இடையில் நிற்கின்றதா என்பது விவாதத்துக்கு உள்ளாயிற்று.

அன்று அந்தப் பெரியவருக்கு நாம் இவ்வளவும் சொல்லவில்லை. வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு வந்துவிட்டோம். இன்று அவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். எமது படமும் இதோ இந்த மேசைமேல் இருக்கின்றது.