பீரோவைத் திறந்து வையுங்கள்

(சீர்காழி வட்டாரத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் நூலக விழாவில் ஆற்றிய உரை)



மூன்று வயதுப் பிள்ளை பதிகம் பாடிய மண் என்று பெருமை பேசுகிற மண் இது. ஞானசம்பந்தர் பெயரைச் சொல்லாமல் இந்த வட்டாரத்தில் எந்த மேடையும் தொடங்குவதில்லை. நானும் சொல்லிவிட்டேன். ஆனால் இதே சீர்காழியில் 1892-இல் பிறந்த இன்னொரு பிள்ளை இருக்கிறார். அவருடைய பிறந்தநாளாகக் கொள்ளப்படும் ஆகஸ்ட் 12-ஆம் நாளை நூலகர் நாளாக நாடு முழுவதும் கொண்டாடுகிறார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? சீர்காழி ராமாமிர்த ரங்கநாதன். எஸ்.ஆர். ரங்கநாதன். இங்கே சபாநாயக முதலியார் இந்துப் பள்ளியில் படித்தவர். உலகத்தில் எந்த மூலையில் நூலக இயல் கற்பித்தாலும் அவர் பெயர் வராமல் போகாது.

அவர் நூலகத்துக்கு வந்த கதையைக் கேளுங்கள். அவர் கணக்கு வாத்தியார். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் போனார். போன புதிதில் அந்த வேலை அவருக்குப் பிடிக்கவே இல்லை. மாணவர்கள் சூழ நின்று பாடம் சொன்ன மனிதரால், ஆள் வராத அறையில் புத்தகங்களோடு தனியே உட்கார முடியவில்லை. மறுபடியும் கல்லூரிக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டார். அப்புறம் நூலக இயல் படிக்க லண்டனுக்குப் போனார். அங்கே அவர் கண்ட நூலகங்கள் வேறு மாதிரி இருந்தன. தொழிலாளிகள் வந்தார்கள், பெண்கள் வந்தார்கள், குழந்தைகள் வந்தார்கள். குராய்டன் நகர நூலகத்தை நடத்திய பெர்விக் சேயர்ஸ் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். குழந்தைகளுக்கான நூலகம் எப்படி இருக்க வேண்டும் என்று தனிப் புத்தகமே எழுதியவர் அந்தச் சேயர்ஸ்.

பிள்ளைகளே, இந்த இடத்தை நீங்கள் கவனித்துக் கேட்க வேண்டும். லண்டனில் ஒரு கடையில் ரங்கநாதன் ஒரு விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். மெக்கானோ என்று பெயர். துளை போட்ட இரும்புப் பட்டைகள், சக்கரங்கள், திருகாணிகள். அதே துண்டுகளை ஒரு விதமாகப் பூட்டினால் பாலம், வேறு விதமாகப் பூட்டினால் பளுதூக்கி. அதைப் பார்த்த நொடியில் அவருக்குப் பொறி தட்டியது. புத்தகங்களையும் இப்படித்தான், சின்னச் சின்னக் கூறுகளாகப் பிரித்து, தேவைக்கு ஏற்பச் சேர்த்து வகைப்படுத்த வேண்டும் என்று நினைத்தார். 1933-இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்பு முறைக்கு வித்து அதுதான். உலகம் மெச்சும் ஓர் அறிவியல் முறைக்கு உங்கள் வயதுப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் வழிகாட்டியிருக்கிறது!

திரும்பி வந்த மனிதர் வேறு ஆளாக வந்தார். வேண்டாம் என்ற அதே வேலையில் இருபது ஆண்டுகள் இருந்தார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் உருவாகக் காரணமாக நின்றார். 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதிப் புத்தகமாக்கினார். அதே 1931-இல் நம் பழைய தஞ்சை ஜில்லாவில், மன்னார்குடியைச் சுற்றியிருந்த கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகங்கள் போகத் தொடங்கின. நினைத்துப் பாருங்கள். தார் ரோடு இல்லை, கரண்டு இல்லை. வண்டி நிறையப் புத்தகம் ஊருக்குள் வருகிறது!

ரங்கநாதனின் ஐந்து விதிகளில் முதல் விதி மிக எளிமையானது. புத்தகம் பயன்படுவதற்குத்தான், பத்திரப்படுத்துவதற்கு அல்ல என்பது அதன் சாரம். இதைச் சொல்ல ஒரு விதி வேண்டுமா என்று தோன்றும். வேண்டியிருந்தது. இடைக்கால ஐரோப்பாவில் புத்தகங்களை அலமாரியோடு சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். அதை எடுத்துக்காட்டித்தான் அவர் பேச்சைத் தொடங்குகிறார். சங்கிலி போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பூட்டு மட்டும் இன்னும் போகவில்லை.

நான் போகிற தொடக்கப் பள்ளிகளில் பலவற்றில் தலைமையாசிரியர் அறையில் ஓர் இரும்பு பீரோ இருக்கும். உள்ளே அருமையான புத்தகங்கள். பளபளப்பு கலையாமல், பக்கம் மடங்காமல், வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருக்கும். சாவி ஒருவரிடம். அந்த ஆசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்குப் பிள்ளைகள் மேல் அன்பு இல்லாமல் இல்லை. ஸ்டாக் ரிஜிஸ்டர் இருக்கிறதே! ஆடிட் வரும். எண்ணிப் பார்ப்பார்கள். ஒன்று குறைந்தால் யார் பதில் சொல்வது, யார் பணம் கட்டுவது? அந்த பயம்தான் பூட்டாகத் தொங்குகிறது.

அதிகாரிகளும் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் நூலகப் புத்தகங்களைப் பற்றி ஒரு விதி உண்டு. ஆயிரம் புத்தகங்கள் வெளியே எடுக்கப்பட்டோ, அங்கேயே படிக்கப்பட்டோ போனால், ஆண்டுக்கு ஐந்து தொலைவது இயல்பு என்று ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது அது. நேர்மைக் குறைவோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். விலை அதிகமான புத்தகத்துக்கும் அரிய புத்தகத்துக்கும் மட்டும் தனி விசாரணை. நம் ஒன்றியப் பள்ளிக்கு அந்த விதி அப்படியே பொருந்தும் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் கணக்கு வழக்கில் கறாரான நிதித்துறையே, புத்தகம் படிக்கப்பட்டால் சில தொலையும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்தப் பெருந்தன்மையை நம் பள்ளி ஆசிரியர்களுக்கும் எழுத்தில் கொடுங்கள். வாய் வார்த்தையாக வேண்டாம், எழுத்தில் கொடுங்கள்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது. ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், அதில் நாளிதழும் பருவ இதழும், எல்லாப் பாடங்களுக்குமான புத்தகங்களும், கதைப் புத்தகங்களும் இருக்க வேண்டும் என்று அதன் அட்டவணை சொல்கிறது. கதைப் புத்தகம் என்று சட்டமே பெயர் சொல்லிக் கேட்கிறது என்பதைத் தாய்மார்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பிள்ளை கதைப் புத்தகம் படித்தால், பாடத்தை விட்டுவிட்டு என்ன கதை வேண்டிக் கிடக்கிறது என்று இனிமேல் அதட்டாதீர்கள்.

பூட்டில்லாத பள்ளி நூலகம் எப்படி இருக்கும் என்று கேட்டால், எனக்கு ஜப்பான்தான் நினைவுக்கு வருகிறது. தெட்சுகோ குரோயானகி எழுதி 1981-இல் வெளிவந்த டோட்டோ-சான் புத்தகம், நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகத் தமிழிலும் கிடைக்கிறது. டோக்கியோவில் டோமோயி என்ற சிறு பள்ளி. ஓடி ஓய்ந்த ரயில் பெட்டிகள்தான் வகுப்பறைகள். ஒருநாள் இன்னொரு ரயில் பெட்டி வந்து சேர்கிறது. அதுதான் நூலகம். தலைமையாசிரியர் கோபயாஷி பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்கிறார். இது உங்கள் நூலகம், யாரும் எதையும் படிக்கலாம், இந்த வகுப்புக்கு இந்தப் புத்தகம் என்ற கட்டுப்பாடு கிடையாது, வீட்டுக்கும் எடுத்துப் போகலாம், படித்துவிட்டுக் கொண்டுவந்து வைத்தால் போதும் என்று. உடனே எல்லாப் பிள்ளைகளும் உள்ளே ஏறிவிடுகிறார்கள். உட்கார இடம் கிடைக்காதவர்கள் நின்றுகொண்டே படிக்கிறார்கள். கொஞ்ச நேரம் அமைதி. அதன்பிறகு ஒரே சத்தம். ஒருத்தி வாய்விட்டுப் படிக்கிறாள், ஒருவன் தெரியாத எழுத்தைப் பக்கத்தில் இருப்பவனிடம் கேட்கிறான், ஒருவன் புத்தகத்தை மாற்றிக்கொள்ளலாமா என்கிறான், எங்கும் சிரிப்பு. கோபயாஷி அந்தச் சத்தத்தை அடக்கவில்லை.

அந்தப் பள்ளி 1945-இல் போர்க்காலக் குண்டுவீச்சில் எரிந்து போனது. அங்கே படித்த சிறுமி குரோயானகி, வளர்ந்த பிறகு அதைப் புத்தகமாக எழுதினார். அந்தப் புத்தகம் தமிழ்நாட்டு ஆசிரியர்கள் எத்தனையோ பேரின் மேசையில் இன்று இருக்கிறது.

நூலகம் என்றால் அமைதி என்று சுவரில் எழுதி வைக்கிறோம். கல்லூரிக்கு அது சரி. ஒன்றாம் வகுப்புக்கு அது பொருந்தாது. எழுத்துக் கூட்டுகிற பிள்ளை வாய்விட்டுத்தான் படிக்கும். படம் பார்க்கிற பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் தோளைத் தட்டிக் காட்டத்தான் செய்யும். எழுத்தே தெரியாத பிள்ளை, புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, தானாக ஒரு கதை சொல்லும். அதுவும் வாசிப்புதான். தயவுசெய்து அந்தப் புத்தகத்தை வாங்கித் திருப்பிப் பிடித்துக் கொடுக்காதீர்கள். கதை நின்றுவிடும்.

இன்னொரு வேண்டுகோள். ஒரு பிள்ளை கதை படித்து முடித்ததும் நாம் கேட்கிற முதல் கேள்வி, இந்தக் கதையின் நீதி என்ன என்பது. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. குருவி பேசியதை எண்ணி மகிழ்ந்துகொண்டிருக்கும் குழந்தையிடம், அதன் மகிழ்ச்சியைப் பறித்துக்கொண்டு, பரீட்சையைக் கொடுக்கிறோம். புதுக்கோட்டைப் பக்கம் ராயவரத்தில் 1922-இல் பிறந்த அழ. வள்ளியப்பா வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்குப் பாட்டுப் பாட்டாக எழுதிக் குவித்தார். 1950-இல் குழந்தை எழுத்தாளர்களுக்கென்று ஒரு சங்கமே கண்டார். குழந்தை குதித்துக்கொண்டே சொல்ல வேண்டும் என்றுதான் அந்தப் பாட்டுகளுக்கு அவ்வளவு தாளம் வைத்தார். இங்கே நரைத்த தலையோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைக் கேட்கிறேன். 1947-இல் தமிழில் தொடங்கிய அம்புலிமாமா உங்கள் காலத்தில் வீட்டுக்கு வந்ததும் யார் முதலில் படிப்பது என்று சண்டை போட்டீர்களே, அப்போது யாராவது உங்களிடம் மதிப்பெண் போட்டார்களா? போடாததால்தான் படித்தீர்கள்.

இன்றைக்கு நம் பிள்ளைகளுக்கு நல்ல காலம் பிறந்திருக்கிறது. நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு ஊஞ்சல் இதழ் அரசே அனுப்புகிறது. வாசிப்பு இயக்கம் 2023-இல் தொடங்கி, நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகச் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. கையில் அடங்கும் புத்தகம், ஒரே மூச்சில் முடிந்துவிடும் கதை. சாகித்திய அகாதெமி 2010 முதல் குழந்தை இலக்கியத்துக்குத் தனி விருது கொடுக்கிறது. யெஸ். பாலபாரதியின் மரப்பாச்சி சொன்ன ரகசியம், உதயசங்கரின் ஆதனின் பொம்மை, யூமா வாசுகியின் தன்வியின் பிறந்தநாள், விஷ்ணுபுரம் சரவணனின் ஒற்றைச் சிறகு ஓவியா என்று தமிழில் பிள்ளைகளுக்காகவே எழுதிய புத்தகங்கள் அந்த விருதைப் பெற்றிருக்கின்றன. புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. அது பிள்ளையின் கைக்குப் போகிற வழிதான் குறுகலாக இருக்கிறது.

அந்த வழிக்கு ஒரு யோசனை. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. பிள்ளைகள் முன்னதாகவே வந்துவிடுகிறார்கள். உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, முதல் மணி அடிக்கும் வரை கொஞ்ச நேரம் இருக்கிறது. வயிறு நிறைந்த, பாடம் தொடங்காத நேரம். அந்த நேரத்தில் பீரோ திறந்திருக்கட்டும். இன்னும் நல்லது, பீரோவே வேண்டாம். தாழ்வாரத்தில் பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் ஒரு கயிற்றைக் கட்டிப் புத்தகங்களை அதன்மேல் விரித்துத் தொங்கவிடுங்கள். யார் எடுத்தார்கள் என்று எழுதுவதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடமே ஒப்படையுங்கள். நம்மைவிட ஒழுங்காக எழுதுவார்கள்.

புத்தகம் கிழியும். கிழியட்டும், ஒட்டிக்கொள்ளலாம். தேய்ந்த மண்வெட்டியைப் பார்த்து எந்த விவசாயியும் வெட்கப்படுவதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் கூடும்போது கழிப்பறை, சுற்றுச்சுவர், குடிநீர் எல்லாம் பேசுகிறோம், பேச வேண்டும். கூடவே, இந்த மாதம் எந்தப் புத்தகம் அதிகம் கிழிந்தது என்று ஒரு கேள்வியையும் கேளுங்கள். அந்தப் புத்தகத்தில் இன்னும் இரண்டு படி வாங்குங்கள்.

தாய்மார்களே, எனக்குப் படிக்கத் தெரியாதே, நான் எப்படிப் பிள்ளைக்கு உதவுவேன் என்று சிலர் கேட்கிறீர்கள். அடுப்படியில் வேலை செய்துகொண்டே, படித்துக் காட்டு சாமி, நான் கேட்கிறேன் என்று சொல்லுங்கள். பிள்ளை படிக்கும். நடுவில், அப்புறம் என்ன ஆச்சு என்று மட்டும் கேளுங்கள். கேட்க ஆள் இருந்தால் குழந்தை எவ்வளவு வேண்டுமானாலும் படிக்கும். இன்னொன்று, நீங்கள் கட்டுகிற வீட்டு வரியோடு ஒரு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகச் சேர்கிறது. ரங்கநாதனின் முயற்சியில் வந்த 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் வழி வந்த ஏற்பாடு அது. ஊர்ப்புற நூலகம் உங்கள் காசில் நடக்கிறது. பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு உரிமையோடு உள்ளே போங்கள்.

கடைசியாக என் கண்மணிகளுக்கு. டேனியல் பென்னாக் என்று பிரான்சு நாட்டில் ஒரு பள்ளி ஆசிரியர், எழுத்தாளர். வாசிப்பவருக்குப் பத்து உரிமைகள் உண்டு என்று 1992-இல் அவர் எழுதினார். அவற்றில் சிலவற்றை இன்று உங்களுக்குச் சொல்லிவிட்டுப் போகிறேன். பிடிக்காத பக்கத்தைத் தாண்டிப் போகலாம். பாதியில் மூடி வைத்துவிட்டு வேறு புத்தகம் எடுக்கலாம். பிடித்த புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம், பத்தாவது முறை என்றாலும் யாரும் கேட்கக் கூடாது. சத்தமாகப் படிக்கலாம். படித்த பிறகு அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் சும்மாவும் இருக்கலாம். டீச்சரம்மா எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அதனால் தைரியமாகச் செய்யுங்கள்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கதையைப் பங்கு போட்டுப் படித்துக் காட்ட ஆயத்தமாக நிற்கிறார்கள் என்று தலைமையாசிரியர் அம்மா சொன்னார்கள். ஒலிபெருக்கியை அவர்களிடம் கொடுக்கிறேன். கொஞ்சம் தாழ்த்தி வையுங்கள், தம்பி. அவர்கள் உயரத்துக்கு.