அணுவுக்கு உருவம் கொடுப்பது எது?

(குற்றாலத்தில் செய்த சொற்பொழிவு)



சாரல் காலத்தில் பல ஊர் ஜனங்களும் குளிக்க வந்து கூடுகிற இந்தக் குற்றாலத்திலே, தண்ணீரின் மகிமையைப் பேசுவதற்கு ஆள் பஞ்சமில்லை. நான் தண்ணீரில் வாழுகிற, கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜீவனைப் பற்றியே பேசப் போகிறேன்.

இந்த மலைக்கு அந்தப் புறமுள்ள கேரளத்தில், 2016-ல் ஆலப்புழையில் அமீபா மூளைக் காய்ச்சல் முதல் முதலாகக் கண்டது. 2024, 2025 வருஷங்களில் அநேகருக்கு அமீபாவால் வரும் மூளை நோய் கண்டு பலர் மாண்டார்கள். இவற்றுள் மிகக் கொடியதை உண்டாக்குவது நெக்லேரியா பௌலரி என்னும் அமீபா. இது கண்டவர்களில் 100-க்கு 97 பேர் பிழைப்பதில்லை.

இந்த அமீபா ஒரே ஓர் உயிரணு. ஒரு மில்லிமீட்டரை 100 பங்காக்கினால் இதன் நீளம் ஒன்றிரண்டு பங்குதான். இதற்கு மூளை இல்லை, நரம்பில்லை, எலும்பில்லை. ஆனாலும் இது நகருகிறது, இரை தேடுகிறது, உருவத்தை மாற்றிக் கொள்ளுகிறது. "இதையெல்லாம் உள்ளிருந்து ஆட்டுவிப்பது ஆத்மாதானே?" என்று சிலர் கேட்பார்கள். அதற்கு மைக்ராஸ்கோப்பு பதில் சொல்லுகிறது.

திருவிழாவுக்குப் பந்தல் போடுகிறோம். மூங்கிலை நட்டுக் கட்டுகிறோம். காரியம் முடிந்ததும் பிரித்து, அதே மூங்கிலை வேறு இடத்தில் நடுகிறோம். அணுவுக்குள்ளும் அப்படிப்பட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. ஆக்டின் என்னும் புரதத் துணுக்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து நூலாகின்றன. அந்த நூல்கள் முன் பக்கம் வளர்ந்து மேல் தோலைத் தள்ள, அமீபாவுக்குக் கால் மாதிரி ஒன்று நீளுகிறது. பழைய நூல் துணுக்குகளாகப் பிரிந்து, மறுபடியும் முன்னே கட்டப்படுகிறது. வெளியிலுள்ள பொருள் மேல் தோலிலுள்ள புரதத்தைத் தொட்டால், அந்தச் செய்தி உள்ளே போய், எங்கே கட்டுவது, எங்கே பிரிப்பது என்பது மாறுகிறது. பந்தலிலாவது கட்டுகிறவன் ஒருவன் உண்டு. இங்கே அவனும் இல்லை. சேருவதும் பிரிவதும் அப்பொருள்களின் குணமே.

இன்னொரு அதிசயம் கேளுங்கள். டியூபுலின் என்னும் புரதத்தால் ஆன நுண்குழாய்கள் நம் அணுக்களில் எப்போதும் இருக்கின்றன. நெக்லேரியா அமீபாவாக ஊர்ந்து திரியும்போது அவை இருப்பதில்லை. அணு இரண்டாகப் பிரியும்போது மட்டும் தோன்றும். ஆனால் இரை குறைந்து சுற்றுப்புறம் மாறினால், சுமார் ஒன்றரை மணி நேரத்தில் குழாய்களைப் புதிதாகக் கட்டி, இரண்டு வால் முளைத்து நீந்தத் தொடங்குகிறது. தீங்கு செய்யாத இதன் இனத்தானை வளர்த்து, ஆராய்ச்சிக்காரர்கள் இதை நேரில் பார்த்திருக்கிறார்கள். அவதாரம் என்று சொல்லி யாரும் இதற்குக் கோவில் கட்டவில்லை!

இதனால் நமக்கென்ன லாபம் என்பீர்கள். இந்த ஆக்டின் நூலைக் கொண்டுதான் இது வாய் போல் குழித்து, தண்ணீரிலுள்ள பாக்டீரியாவைத் தின்கிறது. மூக்கு வழியாக மூளைக்குள் புகுந்துவிட்டால், அதே வாயால் மூளையைத் தின்கிறது. அதற்கு நம் மேல் பகையுமில்லை. நம் பாவ புண்ணியமும் அதற்குத் தெரியாது. அணு பிரியும்போது இது உபயோகிக்கும் டியூபுலின் நம்முடையதிலிருந்து வெகுவாய் வேறுபட்டது. ஆகவே, நம்மைக் கெடுக்காமல் அதை மட்டும் தடுக்கும் மருந்து செய்ய இடமுண்டென்று ஆராய்ச்சி நடக்கிறது.

இது வெதுவெதுப்பான நன்னீரில், முக்கியமாகத் தேங்கின குளத்திலும் குளோரின் போடாத தொட்டியிலும் செழிக்கும். குடிப்பதால் இந்நோய் வராது. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. மூக்கில் தண்ணீர் ஏறினால்தான் வரும். எவ்வளவு புண்ணியத் தீர்த்தமானாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகுங்கள். மூக்கைக் கழுவ வேண்டுமானால் கொதித்து ஆறின நீரை உபயோகியுங்கள். குளித்த சில நாளில் கடுந் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு கண்டால், விபூதிக்கும் மந்திரத்துக்கும் ஒரு மணி நேரங்கூடக் கொடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். குளத்தில் குளித்ததையும் டாக்டரிடம் சொல்லுங்கள். 2024-ல் கோழிக்கோடு ஜில்லாவில் 14 வயதுப் பையன் ஒருவன் பிழைத்தான்.  சீக்கிரம் கண்டுபிடித்து, மில்டெபோசின் முதலிய மருந்து கொடுத்ததுதான் அதற்குக் காரணம்.

தோழர்களே! நான் சொன்னேன் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். பள்ளிக்கூடத்து மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டுக் குளத்து நீரை வைத்துப் பாருங்கள். பிறகு உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள்.