விரட்டுவது காதலா?
(குன்றத்தூரில் ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சேக்கிழார் பிறந்த இவ்வூரில் பெற்றோர் பலர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் ஷிப்டு வேலை பார்க்கிறார்கள். இரவில் பிள்ளைகளுக்குத் துணை கைப்பேசிதான். மேல்வகுப்பு மாணவிகள் அதில் படிக்கும் சில தொடர்கதைகளை நானும் படித்தேன். உலகம் அழிந்துவிட்டது, சட்டமில்லை. நாயகியை அடைத்து வைப்பவனே நாயகன். கடைசியில் அவள் அவனையே விரும்புகிறாள்.

கைப்பேசியைப் பிடுங்கினால் ஒளித்துப் படிப்பார்கள். நான் மணிமேகலைக் கதையைச் சொன்னேன். உதயகுமரன் துரத்துகிறான், அவள் பளிக்கறைக்குள் ஒளிகிறாள். பிறகு காயசண்டிகை வடிவம் கொள்கிறாள். அப்போதும் விடாதவனை, தன் மனைவியை நாடுகிறான் என்றெண்ணிக் காஞ்சனன் வெட்டுகிறான். அரசன் இந்திரவிழாவை மறக்க, புகாரைக் கடல் கொள்கிறது. அவளோ அமுதசுரபியோடு, பஞ்சத்தில் வாடும் நம் காஞ்சிக்கு வந்து பசி தீர்க்கிறாள்.

அவள் நெஞ்சமும் அவன்பால் சென்றதைக் காப்பியம் மறைக்கவில்லை. "அப்படியானால் அவள் மறுத்ததற்கு மதிப்பில்லையா?" என்று கேட்டேன். வகுப்பே இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. மணி அடித்தபின் ஒரு மாணவி தயங்கி நின்றாள். "மிஸ், தினமும் பஸ்ஸில் என் பின்னாலேயே ஒருத்தர் வர்றார்" என்றாள். அன்றே தலைமையாசிரியரிடமும் அவள் அம்மாவிடமும் பேசினோம்.

வாரம் ஒரு பாடவேளை, பிள்ளைகள் படிக்கும் கதையைப் பற்றிக் கேளுங்கள், திட்டாமல் கேளுங்கள். 1098 என்ற எண்ணைக் கரும்பலகை ஓரத்தில் எழுதி வையுங்கள்.